மதினி குடித்துப் பார்த்த தண்ணீர்

காலை ஒன்பது நாற்பதுக்கு என் மகள் சுபா சென்னையிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். தரை ஓட்டின்மேல் அவள் மகனுடைய நீலச் செருப்பு ஒன்று கிடந்தது. செருப்பைச் சுற்றித் தண்ணீர். கீழே, 'வீட்டுக்குள்ள வந்துருச்சும்மா' என்று எழுதியிருந்தாள். உடனே அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது மணிகூட அடிக்கவில்லை.

சென்னையில் விடாத மழை என்றாலும், ராஜபாளையத்தில் அன்று நல்ல வெயில். நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில், வெளுத்த துணியைக் கொடிகளில் நீளநீளமாகக் காயப் போட்டிருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் கண் கூசும். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தது இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது. இப்போதும் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

சுபா கிடைக்கவில்லை என்றதும் என் கணவரைக்கூட அழைக்கவில்லை. மதினியை அழைத்தேன். சென்னையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது நடந்தாலும், காய்ச்சலோ கல்யாணமோ, முதல் போன் மதினிக்குத்தான் போகும். அவர் எடுக்கவில்லை. அவருடைய போன் வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி இல்லை. எங்களுக்கு எதிர்வீடு. அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவர் மதினி ஆனார், என் மகளுக்கு அத்தை ஆனார். பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நல்ல உயரம், கனத்த குரல். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். வாங்கி மடக்கென்று குடிக்க மாட்டார். ஒரு வாய் எடுத்து, உள்ளேயே வைத்து, கண்ணை மூடி, பிறகு விழுங்குவார். அதற்கப்புறம்தான் பேச்சு.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கே ஒரு கர்வம் உண்டு. மலையடிவாரத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கு. வெளியூர் போய் வந்தால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் "தண்ணி எப்படி?" என்றுதான் கேட்போம். பெண் கொடுக்கப் போகிற வீட்டில் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊர் என்றால், மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்றாலும் பெரியவர்கள் யோசிப்பார்கள். அப்படிப் போகும்போதெல்லாம் மதினியையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த விதத்திலேயே அந்தச் சம்பந்தம் முறிந்ததாகச் சொல்வார்கள். வெளியே வந்து, "அந்த வீட்டுல எல்லாருக்கும் பல்லு பித்தளையாட்டம் இருக்கு, பாத்தீகளா?" என்றாராம்.

சுபாவுக்கு வத்திராயிருப்பில் மாப்பிள்ளை பார்த்தபோதும் வந்தார். அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "பிளவக்கல் அணைத் தண்ணி. கண்ண மூடிக் குடுக்கலாம்" என்று என் காதில் சொன்னார். மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லையே என்றேன். "அவனப் பாத்து என்ன செய்ய, அவன் குடிச்ச தண்ணிதான நமக்கு வேணும்" என்றார். என் மருமகன் இன்றுவரை இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். எங்கள் வீட்டுக் கிணற்றைத்தான் உங்களுக்குப் பிடித்திருந்தது, நான் சீதனமாக வந்தவன் என்பார்.

அண்ணனுக்குச் சென்னையில் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போனார்கள். போன புதிதில் மதினி தண்ணீருக்காக அழுதார் என்று கேள்விப்பட்டோம். வாடகை வீட்டில் போர் தண்ணீர் உப்பு. குடிக்கக் கேன் தண்ணீர். "மருந்துக் கடை வாசம்டி" என்பார் போனில். சில வருடம் கழித்து, தாம்பரத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு புது நகரில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அதற்குப் பிறகு மதினியின் குரலே மாறிவிட்டது.

ஒரு முறை ஊருக்கு வந்தவர், பையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து என் சமையலறை மேடையில் வைத்தார். அவருடைய வீட்டு போர் தண்ணீர். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் அதையும் ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் ஊற்றி, தெருப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு வரிசையாகக் குடிக்கச் சொன்னார். ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கணவர் ராணுவத்தில் இருந்தவர், ராஜஸ்தானிலிருந்து அசாம் வரை தண்ணீர் குடித்தவர். தன்னை ஏமாற்ற முடியாது என்று முன்னால் வந்தார். இரண்டையும் குடித்து, சென்னைத் தண்ணீரைக் காட்டி இதுதான் நம் ஊர் என்றார். மதினி தொடையில் தட்டிச் சிரித்தது இப்போதும் கேட்கிறது.

"கடல் ஊருன்னா உப்புத்தான்னு யார் சொன்னது? இருவதடி தோண்டுனா எளநி. பக்கத்து நகர்ல லாரித் தண்ணிக்கு நிக்கிறாக. எங்க தெருவுல மட்டும் இப்படி. ஆண்டாள் குடுத்தது" என்றார்.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பக்கத்தில் உப்பாக இருக்கும்போது அந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் இருபதடியில் இளநீர் ஏன் சுரக்கிறது என்று அந்தச் சமையலறையில் யாரும் கேட்கவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் பத்திரத்தைக் கேட்டிருப்பார்கள், வரைபடத்தைக் கேட்டிருப்பார்கள். எங்களுக்கு டம்ளர் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த நகருக்குப் போகத் தொடங்கினார்கள். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் பொறியியல் முடிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? ஊரில் மில்லும் தறியும் இல்லாமல் இல்லை. எங்கள் கம்பெனியிலேயே ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள்தான் இப்போது பாதிப் பேர். எங்கள் பிள்ளைகள் காலிசெய்த இடத்தில் அவர்கள். எங்கள் பிள்ளைகளோ சென்னையில் யார் காலிசெய்த இடத்தில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

மதினி அதிகாலையில் பஸ் வரும் நேரத்துக்கு நெடுஞ்சாலையில் ஆட்டோவோடு நிற்பார். முதல் நாள் சாப்பாடு அவர் வீட்டில். பெண் பிள்ளை என்றால் வேலை பார்க்கும் இடம் வரைக்கும் கூடவே போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்றவர்களுக்குப் போன் போடுவார். வாடகைக்குப் போனவர்கள் நிலைத்ததும், அங்கேயே வீடு வாங்கச் சொல்வார். அதற்காக ஒரு பைசா கமிஷன் வாங்கியதில்லை. ஒருவர் நன்றிக்குப் பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினாராம். யாரோ விளையாட்டாகப் புரோக்கர் என்று சொன்னதற்கு, "புரோக்கர் வித்துட்டுப் போயிருவான். நான் பக்கத்து வீட்டுல இருக்கேன்" என்றார். அந்தப் பதிலை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

அண்ணன் இறந்தபோது அந்த நகரில் பாடை தூக்கியதிலிருந்து சோறு பொங்கியதுவரை எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். மதினி துக்கத்திலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாவுக்கு வந்திருந்த ஒரு உள்ளூர் அம்மாள், இவர்களெல்லாம் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாராம். "தண்ணி உறவு" என்றாராம் மதினி.

சுபாவும் மருமகனும் கடன் போட்டு வீடு வாங்கத் தீர்மானித்தபோது, மதினி தெருவிலேயே புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளில் ஒன்றைப் பார்த்தார்கள். சுபாவுக்கு முதல் மாடி பிடித்திருந்தது. கீழ்வீடு எடு, பிள்ளை ஓடி விளையாட இடம் வேண்டும், மாடியில் வெக்கை தாங்காது என்று மதினி சொன்னார். நானும் அவர் சொல்வதைக் கேள் என்றேன். பால் காய்ச்சுகிற அன்று மதினிதான் குழாயைத் திறந்து முதல் டம்ளர் பிடித்துக் குடித்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மகளைத் தூரத்தில் விட்டிருக்கும் எந்த அம்மாவுக்கும் அப்படி ஒரு சிரிப்பு தேவைப்படும். சுபாவுக்குப் பேறுகாலத்தில் காய்ச்சல் வந்தபோது, நான் போய்ச் சேரும்வரை ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். இதையும் நான் எழுதாமல் விட முடியாது. விட்டுவிட்டால் எனக்கு வலித்தது எதனால் என்று யாருக்கும் புரியாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். மார்கழி முழுக்க ஆண்டாள் சன்னிதிதான். பொங்கல் கழித்துத்தான் கிளம்புவார். பிறந்த ஊர்மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். வரும்போது பிள்ளைகள் கொடுத்துவிட்ட சாமான்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். போகும்போது எங்களிடம் வத்தல், பொடி, பால்கோவா எல்லாம் வாங்கிக்கொண்டு போவார்.

அன்றைக்கும் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தார். எனக்கு அது தெரியும். ஆனாலும் அங்கே யாரைக் கூப்பிட்டால் காரியம் ஆகும் என்று அவருக்குத்தானே தெரியும் என்று திரும்பத் திரும்ப அழைத்தேன். மதியம் ஆனது. சுபா, மருமகன், அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பிள்ளைகள், யாருடைய போனும் கிடைக்கவில்லை. என் கணவர் ரயில் விசாரித்தார். ரயில் இல்லை. கிடைத்த பஸ்ஸில் திருச்சி வரை போகிறேன், அங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பையோடு கிளம்பினார். கிளம்பும்போது, நீ ஏதாவது சாப்பிடு என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

வீட்டில் உட்கார முடியாமல் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மதினியின் பக்கத்திலாவது உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. சின்னப் பிள்ளை பயந்தால் ஓடிப்போய் யாருடைய சேலையையாவது பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரிதான் போனேன்.

தம்பி வீட்டு வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே மதினி நின்றுகொண்டே போனில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். சார்ஜ் வயரோடு சேர்ந்து சுவரை ஒட்டி நின்றார். முதுகு வாசல் பக்கம் இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போற ரோட்டுப் பக்கம் மட்டும் போயிறாதீக. அதான் மறுகால். இழுப்பு பெலமா இருக்கும், ஆள உருட்டிரும். மேக்குப் பக்கமாப் போங்க. மேக்க கரை, அங்குட்டு உசரம்."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும் மறுகால் என்றால் என்ன என்று. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம். கரை என்றால் கண்மாய்க் கரை. ஒரு நகருக்குள் ரோடு இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், கடை இருக்கும். மறுகால் எப்படி இருக்கும்?

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"சுபா பேசுனாளா? காலைலருந்து மொதல்ல அவளுக்குத்தான் அடிக்கேன். கெடைக்க மாட்டேங்குது."

"எந்த மறுகால் மதினி?"

"உள்ள வா. செத்த நேரம் உக்காரு."

"நகருக்கு ஏது மறுகால்?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கும் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தெரியும்டி" என்றார் மதினி. "வீடு கட்டி ரெண்டாம் வருசமே தெரிஞ்சு போச்சு. ராத்திரி முழங்கால் மட்டும் ஏறிருச்சு. விடிஞ்சு பாத்தா தெருவுல கெண்டை துள்ளுது. பொறவுதான் பழைய ஆளுக சொன்னாக, நீங்க ஏரிக்குள்ளல்ல வீடு கட்டிருக்கீகன்னு. ஒங்க அண்ணன் வாழ்நாளெல்லாம் சம்பாதிச்சது அம்புட்டும் அந்த மண்ணுல கெடக்கு. என்ன செய்யச் சொல்லுத?"

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா யாரு வருவா?" என்றார். பிறகு, யாருக்கோ கணக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "நாலு வீடு இருந்தா ஏரிம்பான். மிசினக் கொண்டாந்து இடிச்சிருவான். நானூறு வீடு இருந்தா நகர்ம்பான். ரோடு போடுவான், கரண்டு குடுப்பான், கால்வா வெட்டுவான். ஆளு கூடுனா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். வெளியாளா இருந்தா ஒரு மழைக்கே வித்துட்டு ஓடிருவான். நம்ம ஆளுகன்னா ஒருத்தரப் பாத்து ஒருத்தர் நிப்பாக."

அவர் பொய் சொல்லவில்லை. ரோடு வந்தது, கரண்டு வந்தது, பஸ்கூட வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் எனக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த நகர் வளர்ந்தது உண்மைதான். உடையப்போகிற கரைக்கு மண்மூட்டை அடுக்குவதுபோல, எங்கள் வீடுகளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கியிருக்கிறார். கமிஷன் வாங்காதது ஏன் என்று இத்தனை வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியது பணம் இல்லை, ஆள்.

"எம் பிள்ளையக் கீழ்வீடு எடுக்கச் சொன்னீகளே மதினி" என்றேன்.

"முன்னல்லாம் முழங்காலத் தாண்டுனதில்லடி."

"ஐப்பசி வந்தா நீங்க மட்டும் இங்குட்டு வந்துருவீக."

அவருடைய போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, எடுக்காமல் கட்டிலில் வைத்தார்.

"இருட்டுக்குள்ள படுத்திருக்கும்போது தண்ணி ஏறுத சத்தம் கேட்டிருக்கியா நீ?" என்றார். "எனக்குப் பயம்டி."

என் மகளுக்கு அந்தச் சத்தம் எந்த நேரத்தில் கேட்டிருக்கும், அவளுடைய பிள்ளைக்குக் கேட்டிருக்குமா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று கேட்கவில்லை. அவர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கொடுக்கிற தண்ணீரை வாங்காமல் போவது என்றால், அத்தோடு அந்த வீட்டு உறவு முடிந்தது என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். டம்ளரை நீட்டியபடியே நின்றார். நான் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து படியிறங்கினேன்.

"சுபா கெடச்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிரு" என்று வாசல்வரை வந்து சொன்னார். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் அந்தத் தெரு வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

மறுநாள் பிற்பகல் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மருமகன்தான். மொட்டை மாடியில் இருக்கிறோம், எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் இங்கேதான், பிள்ளைக்குக் காய்ச்சல், பால் இல்லை, படகு வருகிறது என்கிறார்கள் என்றார். பேசி முடிப்பதற்குள் அந்தப் போனும் அணைந்தது. அதற்குப் பிறகு இன்னொரு நாள் முழுக்க ஒன்றும் இல்லை. என் கணவர் செங்கல்பட்டு வரைக்கும் போய், அதற்குமேல் விடமாட்டோம் என்று போலீஸ்காரர்கள் சொன்னதால் அங்கேயே நின்றார். மீனவர்கள் படகில் வந்து அவர்களை இறக்கிக் கரை சேர்த்ததும், அவர் போய்ப் பேரனைக் கையில் வாங்கியதும் எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

அவர்கள் வருகிறவரைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் போனேன். கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த மாதம் சென்னையில் வேலைக்குச் சேரப் போகிற ஒரு பெண்ணின் அம்மா, பால் டிப்போ பக்கத்தில் என்னை நிறுத்தி விசாரித்தார். அந்த நகர் ஏரி, தண்ணீர் நல்லாயிருப்பதே ஏரி என்பதால்தான், உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள், யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான். இன்னொரு அம்மாவை நான் காப்பாற்றிவிட்டேன் என்பது.

வெள்ளிக்கிழமை முற்பகலில் வந்து சேர்ந்தார்கள். என் கணவர் பேரனைத் தோளில் போட்டிருந்தார். சுபா யாரோ கொடுத்த நைட்டியின் மேல் யாரோ கொடுத்த துண்டைப் போட்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. மருமகனுக்குக் காலெல்லாம் சேற்றுப்புண். அவர்கள்மேல் ஒரு வாடை இருந்தது. கண்மாய் வற்றும்போது வருமே, அந்த வாடை. தெருவே வாசலில் கூடி நின்றது. சுபா எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். அவள் அழவில்லை.

குளித்து, பிள்ளையைத் தூங்க வைத்து, இரண்டு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டாள். மருமகன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சுபா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுடைய அத்தை எங்களுக்கு என்ன செய்திருக்கிறார் என்று சொல்லத் தொடங்கினேன். ஏரி என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் தெரியும் என்பதுபோலக் கையை உயர்த்தினாள்.

"யார் யார்ட்டம்மா சொல்லிருக்கீங்க?"

எல்லோரிடமும் என்றேன்.

அவள் மருமகனைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே சொல்லாதீங்க" என்றாள் என் மகள். "கடன் இன்னும் ரொம்ப வருசம் கெடக்கு. செவுத்துல தண்ணி நின்ன கோடு பெயிண்ட் அடிச்சா மறஞ்சிரும். அடுத்த மழைக்குள்ள வித்துறணும். வெளியாளுக வந்தா நாலு எடத்துல விசாரிப்பாங்கம்மா. நம்ம ஊர்க்காரங்கன்னா நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வாங்கிருவாங்க."